பதினான்கு அங்குலச் சீர்

2025 ஆகஸ்டு 29, வெள்ளிக்கிழமை.

குறை இது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, கோவிந்தம்மாவின் மகள் ஜெயஸ்ரீயின் திருமணத்திற்கு அவளுடைய தாய்மாமன் திலீப் இருபத்தொரு அங்குல வண்ணத் தொலைக்காட்சி ஒன்றைச் சீராகக் கொண்டுவந்தான். மாப்பிள்ளை வீட்டில் உறவினர் கூடியிருக்க அட்டைப்பெட்டியைத் திறந்தபோது, உள்ளே இருந்தது அரசு வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த பதினான்கு அங்குலப் பெட்டி. முகப்பில் அரசு முத்திரை பளிச்சென்று இருந்தது. கொடுத்தவன் அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை.

அந்தத் திலீப் இப்போது மாத்தூரில் சொந்த வீடு கட்டியிருக்கிறான். இன்று அவனுக்குப் புதுமனை புகுவிழா. உடன்பிறந்த அக்காளின் சீர் வாசற்படி ஏறாமல் அவர்கள் குடும்பத்தில் எந்த விழாவும் நிறைவு பெறாது. தம்பி வீட்டுப் பக்கமே பதினைந்து ஆண்டுகளாகத் தலைகாட்டாத கோவிந்தம்மா, சீரோடு வருவதாகச் சொல்லியனுப்பியதை வாசகர் சென்ற வாரப் பகுதியில் படித்திருப்பர். என்ன சீர் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

அன்றே தம்பியின் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாமே என்பவர், கல்மண்டபத்துக் கடற்கரைக் குடும்பங்களின் வழக்கத்தை அறியாதவர். தாய்மாமன் கொண்டுவந்த சீரில் குறை கண்டாலும் அவனிடம் வாய் திறக்கலாகாது. திறந்தால், சீரைக் கேட்டு வாங்கியதாக ஆகிவிடும். வாங்கியவர் பேசாமல் காத்திருந்து, கொடுத்தவன் வீட்டில் ஒரு நல்ல நாள் வரும்போது, வந்த அளவிலேயே திருப்பிச் செய்ய வேண்டும். திலீப்புக்குப் பெண் பிள்ளை இல்லை. ஒரே மகன் இன்னும் கல்லூரியில் படிக்கிறான். ஆகவே நல்ல நாள் வரப் பதினைந்து ஆண்டு ஆயிற்று.

காலை ஏழு மணிக்குக் கோவிந்தம்மா எண்ணூரில், மகள் வாழ்க்கைப்பட்ட வீட்டின் முன்பு ஒரு சிறு சரக்கு வண்டியோடு வந்து இறங்கினாள். காசிமேட்டில் முப்பது ஆண்டு மீன் விற்றவள். ஐம்பத்தேழு வயது. இன்று பட்டுச்சேலை கட்டியிருந்தாள். ஆனால் நடை, ஏலத்துக்குப் போகும் நடை.

கூடத்தின் மூலையில் அந்தப் பெட்டி இருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது.

கொடுமை அதுதான், அது கெடவேயில்லை. எண்ணூர்க் காற்று எப்படிப்பட்டது என்பது அங்கே துணி உலர்த்துகிறவர்களுக்குத் தெரியும். கடலுப்பும் சாம்பல் தூசியும் சேர்ந்து இரும்பையே அரிக்கும். எதிர்வீட்டார் தவணையில் வாங்கிய தட்டைத் திரை, இரண்டாவது மழைக்காலத்தில் நெட்டுக்குத்தாகப் பச்சைக் கோடு விழுந்து இருண்டது. பக்கத்து வீட்டில் பிள்ளை எறிந்த ரிமோட் பட்டு, நாற்பத்து மூன்று அங்குலமும் ஒரே நொடியில் பயனற்றுப் போயிற்று. திருத்துபவர் வந்து பார்த்து, பேனல் போய்விட்டது, புதிது வாங்குவதே மலிவு என்று சொல்லிவிட்டுப் போனார். இலவசப் பெட்டியோ, மின்னழுத்தம் தாழ்ந்தால் படத்தைச் சற்றே சுருக்கிக்கொள்ளும், உயர்ந்தால் விரித்துக்கொள்ளும். நிறம் போனால் முதுகில் ஓர் அடி. ஆண்டுக்கொரு முறை பின்மூடியைக் கழற்றி, பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

அது ஒழிய வேண்டும் என்று ஜெயஸ்ரீ வேண்டிக்கொண்டதுண்டு. அது ஒழியாததால் அவளுடைய பெயர் ஒழிந்தது. வருகிற விருந்தினர் ஒவ்வொருவருக்கும் மாமியார் தேசம்மா அந்த முத்திரையைக் காட்டினாள். தாய்மாமன் சீர் என்றாள். ஓராண்டுக்குள் மருமகளுக்கு 'இலவசம்' என்பதே பெயராயிற்று. இலவசம், தண்ணி கொண்டா. இலவசம், பால்காரன் வந்துகீறான் பாரு. இரண்டு பிள்ளை பெற்று, முப்பத்தைந்து வயதாகி, தலையில் முதல் நரை கண்ட பின்னும் அவள் இலவசம்தான்.

பெட்டியைக் கொண்டுபோகிறேன் என்று கோவிந்தம்மா சொன்னதும் தேசம்மா மறுப்பாள் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். அவள் மறுக்கவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"எட்த்துகினு போ சம்பந்தி. நானும் வரேன். உன் தம்பி மூஞ்சி எப்டி போவுதுன்னு பாக்கணும்."

மறுத்தவள் ஜெயஸ்ரீ. அடுப்பங்கரையில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம்மா. அது பாட்டுக்கு ஓடிகினு கீது. வுட்டுடு."

"உன் பேரு இன்னா?" என்று கோவிந்தம்மா கேட்டாள்.

மகள் பிடித்த கையை விட்டாள்.

"ஜெயஸ்ரீ. உங்க அப்பா வெச்ச பேரு. அத்த வாங்கிகினு வரத்தான் போறேன்."

மகளின் தயக்கத்தை அவள் கோழைத்தனம் என்று எடுத்துக்கொண்டாள். அந்த முகத்தை இன்னும் சிறிது நேரம் பார்த்திருந்தால், இன்றைய பகல் வேறு விதமாய்ப் போயிருக்கும்.

மாத்தூரில் பந்தல் தெருவை அடைத்திருந்தது. விடியற்காலையிலேயே பால் காய்ச்சியாகிவிட்டது. திலீப் பட்டு வேட்டியோடு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தான். ஒரேயொரு ஃபைபர் படகோடு தொழில் தொடங்கியவன். இன்று மூன்று படகுகளும், மீன் ஏற்றும் வண்டி ஒன்றும் அவனுக்கு உண்டு. கூடத்தின் பெருஞ்சுவர் முழுவதும் மரப்பலகை அடித்து, வயர்களைச் சுவருக்குள் மறைத்து, நடுவில் இரும்புச் சட்டம் ஒன்றை முடுக்கி வைத்திருந்தான். அக்கா அறுபத்தைந்து அங்குலம் கொண்டுவருகிறாள் என்பது அவனாகவே முடிவு கட்டி ஊருக்கெல்லாம் சொன்ன செய்தி.

வெறும் சட்டத்தின் முன்பு நின்று விருந்தினர் வழக்காடினர். பழைய பெட்டிகளுக்கு வயிறு பெரிது, ஆகவே மூலைதான் இடம். இது காலண்டர் மாட்டுவதுபோல என்றார் ஒருவர். காலண்டர் என்றால் ஆண்டுக்கொன்று மாற்ற வேண்டியதும் சரிதான் என்றார் மற்றொருவர். பழையதன்மேல் பூச்சாடியாவது வைக்கலாம், இதன்மேல் பல்லிகூட நிற்க முடியாது என்றாள் திலீப்பின் மனைவி மதி. எல்லாரும் சிரித்தார்கள்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். தம்பி செய்ததையே தம்பிக்குச் செய்யலாம் என்றுதான் கோவிந்தம்மா முதலில் எண்ணினாள். அதற்காகக் கடைக்குப் போய் அறுபத்தைந்து அங்குலத்தின் அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். கட்டில் அகலம் இருந்தது. ஆழமோ ஒரு சாண்தான். அதற்குள் பொய்யை வைக்க இடமில்லை. பழைய பெட்டி வந்த அட்டைப்பெட்டிதான் மோசடிக்கு ஏற்றது. ஆழமாக இருக்கும், கனக்கும், தூக்குகிறவன் உள்ளே இருப்பது என்னவென்று கேட்கமாட்டான். அதனால் அவள் மறைக்கும் எண்ணத்தையே விட்டாள்.

பத்து மணிக்கு மேளம் தெருமுனையில் கேட்டது. இருபத்தொரு தாம்பாளங்கள். பழம், தேங்காய், பட்டு, பாத்திரம். அவற்றுக்கு நடுவே இரண்டு ஆண்கள் ஒரு பலகையைத் தோளில் சுமந்துவந்தனர். பலகைமேல் சிவப்புப் பட்டுத்துணியால் மூடிய ஏதோ ஒன்று முதுகு புடைத்துக் குந்தியிருந்தது. மாவரைக்கும் கிரைண்டர் என்று சிலர் பந்தயம் கட்டினர்.

திலீப் அக்காளின் காலில் விழுந்தான். அவள் திருநீறு பூசினாள்.

கூடத்தின் நடுவில் பலகையை இறக்கச் சொன்னாள். துணியை அவளே இழுத்தாள். அங்கிருந்த சிறு பிள்ளைகளுக்கு அது என்ன பொருள் என்றே தெரியவில்லை. ஒரு சிறுமி கண்ணாடியைத் தொட்டு விரலால் தள்ளிப் பார்த்து, நகரவில்லை என்று தாயிடம் புகார் சொன்னாள். கோவிந்தம்மா புதுச்சுவரின் புது சாக்கெட்டில் அதன் பிளக்கைச் செருகினாள். உறுமல் ஒன்று எழுந்தது. கறுப்புக்குள்ளிருந்து வெளிச்சம் மெல்லப் பரவிற்று. செட்டாப் பாக்ஸ் இணைக்காததால் படம் வரவில்லை. கூடம் முழுவதும் இரைச்சலும் வெள்ளைப் புள்ளிகளுமாய் நின்றது.

"இன்னாக்கா இது?" என்றான் திலீப்.

"தெரியலயா? நீ குடுத்ததுதான். நல்லா பாரு. ஒரு கீறல் இல்லாம வெச்சிருக்கோம்."

பிறகு அவள் பேசினாள். மீன் ஏலத்தில் நூறு பேர் குரலுக்குமேல் குரல் எடுத்துப் பழகியவள். பந்தலில் கடைசி வரிசை வரை கேட்டது. அன்றைய சீர் ஊர்வலத்தைச் சொன்னாள், அட்டைப்பெட்டியைச் சொன்னாள், முத்திரையைச் சொன்னாள். மகளுக்கு இட்ட பெயரையும், அந்தப் பெயரால் அழைத்தவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொன்னாள். மேளக்காரர்கள் குச்சியைக் கீழே வைத்துவிட்டனர்.

"எனக்கு வேற ஒண்ணும் வாணாம்" என்று முடித்தாள். "சம்பந்தி எதிர்க்க நின்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. தப்பு என்னுது, அந்தப் பொண்ணு மேல இல்லன்னு சொல்லு. சொல்லிட்டன்னா தூக்கிகினு போய்டறேன்."

திலீப் பெட்டியைப் பார்த்தான். முத்திரையை விரலால் தடவினான். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அது பிடிபட்டவனின் முகமாக இல்லை.

"பதினைஞ்சு வருசம் என் வூட்டு வாசப்படி மிதிக்காதது இதுக்காக்கா?"

அவள் முத்திரையைச் சுட்டிக்காட்டினாள்.

அவன் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினான். அவன் வாங்கியது இருபத்தொரு அங்குலம். கடைக்காரர் அவன் கண்ணெதிரில் போட்டுக் காட்டி, தெர்மாகோல் வைத்து மூடி, நாடா கட்டிக் கொடுத்தார். மதியும் உடனிருந்தாள். வெள்ளி நிறம், முகம் தட்டையான கண்ணாடி, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் என்று மதி அடுக்கினாள். கோவிந்தம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பின்புதான் திலீப் அவளை விட்டுவிட்டு ஜெயஸ்ரீயின் பக்கம் திரும்பினான்.

"பொட்டிய பிரிச்சது நீதானம்மா? உள்ள தெர்மாகோல் இருந்துச்சா?"

ஜெயஸ்ரீ தூணோரம் நின்றிருந்தாள். தாயைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள்.

"இல்ல மாமா."

"அப்ப இன்னா இருந்துச்சு?"

"வலை."

கூடத்தில் இருந்தவர் பெரும்பாலோர் கடல்தொழில் செய்பவர். வலை என்ற சொல் அவர்களுக்குப் போதாது. திலீப்புக்கும் போதவில்லை.

"எந்த வலை?"

"இழுவலை மாமா. பச்சை. மடி. அப்பா வாசல்ல குந்திகினு முடிவாரே, அது."

விளக்கம் தேவைப்பட்டவர் அங்கே ஒருவரும் இல்லை. இதைப் படிப்பவருக்காகச் சொல்கிறேன். திலீப் அன்றும் இன்றும் ஃபைபர் படகுக்காரன். அவன் வீட்டில் மெல்லிய நரம்பு வலையைத் தவிர வேறு வலை நுழைந்ததில்லை. கடலின் அடியைத் துழாவி வரும் தடித்த பச்சை மடி, அதாவது இழுவலையின் பை, விசைப்படகுக்காரர் வீட்டில்தான் கிடக்கும். கோவிந்தம்மாவின் கணவன் பாஸ்கர் விசைப்படகு ஓட்டுகிறவன். திலீப்பின் சீர், திருமணத்திற்கு முன்பு இரண்டு நாள் பாஸ்கரின் வீட்டில் இருந்தது. அவர்கள் வீட்டுக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டி, அதே வாரத்தில் காணாமற்போயிற்று. படகில் உடன்வரும் நண்பனுக்குக் கொடுத்துவிட்டதாகப் பாஸ்கர் சொன்னான். கல்யாண வேலையில் கோவிந்தம்மா அதை மறுபடி கேட்கவில்லை.

மீனின் செதிலைப் பார்த்தே அது எந்த வலையில் பட்டது என்று சொல்லிவிடுகிறவள் கோவிந்தம்மா. அப்படிப்பட்டவள், அட்டைப்பெட்டிக்குள் இடைவெளியை அடைத்திருந்தது எது என்று பதினைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட மகளைக் கேட்கவில்லை. தம்பிதான் செய்தான் என்று முடிவு கட்டியவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"உனுக்கு அன்னிக்கே தெரியுமாடி?"

"தெரியும்மா."

"ஏன் சொல்லல?"

ஜெயஸ்ரீ குரலைத் தாழ்த்தவில்லை. இனித் தாழ்த்திப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"மாமன் ஏமாத்துனான்னா ஒரு பட்டப்பேரோட போவும். அப்பனே ஏமாத்துனான்னா அந்த வூட்ல நான் தல நிமிந்து ஒரு நாளு இருக்க முடியுமா? அதான் வாய மூடிகினு இருந்தேன். வுட்டுடுன்னு காலைல சொன்னேனே, கேட்டியா?"

பக்கத்தில் நின்ற தேசம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவளுக்குக் கோபம் இல்லை. ஒரு புதிய பொருள் கைக்குக் கிடைத்த நிறைவு இருந்தது.

"நல்ல குடும்பம் சம்பந்தி" என்றாள்.

அப்போதுதான் திலீப் அந்தக் காரியத்தைச் செய்தான். ஜெயஸ்ரீயின் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு தேசம்மாவின் முன்பு போய் நின்று, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டான்.

"அத்த வுடுங்கம்மா. அது சின்னப் பொண்ணு, ஏதோ உளறுது. மாத்தனது நான்தான். தப்பு என்னுது, அந்தப் பொண்ணு மேல இல்ல."

பதினைந்து ஆண்டுகளாகக் கோவிந்தம்மா எந்தச் சொற்களுக்காகக் காத்திருந்தாளோ, அதே சொற்கள். அவற்றைக் கேட்பதற்காகவே மேளம் பிடித்தாள், தாம்பாளம் எடுத்தாள், தம்பியின் புதுவீட்டை ஊர் முன்னிலையில் நாறடித்தாள். இப்போது அவை வந்துவிட்டன. தலையை அசைத்தால் போதும். பழி தம்பியோடு நின்றுவிடும், மகள் பழைய பட்டப்பெயரோடாவது பிழைத்துக்கொள்வாள், கணவன் பெயர் கெடாது.

அவள் தலையை அசைக்கவில்லை.

"நீ வாய மூடு திலீப்பு" என்றாள். தம்பியின் பெயரைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சொன்னாள். பின்பு சம்பந்தியிடம் திரும்பினாள். "கேட்டுகினியா? செஞ்சது என் புருசன். ஆறு நாளா கடல்ல கீறான். மூணு மணிக்குக் கரைக்கு வருவான். நீயும் கெளம்பு. என் பொண்ண எதிர்க்க வெச்சு அந்தாள கேக்கறேன், நீ சாட்சி. அதுக்கப்பறமும் அவள இலவசம்னு கூப்ட்டன்னா, உன்னியும் கேப்பேன்."

தேசம்மாவின் வாயில் வெற்றிலை அரைபடுவது நின்றது. அவள் வாசலில் செருப்பைத் தேடிப் போனாள். வேடிக்கை பார்க்க வந்தவள் சாட்சியாகிவிட்டாள் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

பெட்டியைப் பலகையில் ஏற்றினர். மூடுவதற்கு யாரோ பட்டுத்துணியை நீட்டினர். திறந்தே வரட்டும் என்று கோவிந்தம்மா சொல்லிவிட்டாள். வண்டியில் அவள் ஏறும்போது மதி பின்னால் ஓடிவந்தாள். திலீப் கூடத்தைவிட்டு வெளியே வரவில்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். எப்டி சொல்றதுன்னு தெரியல" என்று மதி வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த சில்வர் பொட்டிய நான் அப்பால ஒருவாட்டி பாத்தேன். திருவொத்தியூர்ல, ஒரு வூட்ல. அதே மாடல்னு நெனச்சு வுட்டுட்டேன்."

"யார் வூடு?"

மதி ஜெயஸ்ரீயைப் பார்த்துத் தயங்கினாள்.

"பேரு தெரியாது அண்ணி. ஒரு பொம்பள, ஒரு கொழந்த. வாசல்ல பாஸ்கர் அண்ணன் செருப்பு கெடந்துச்சு."

வண்டி புறப்பட்டது. மாத்தூரிலிருந்து மீன்பிடித் துறைமுகம் வரை லாரிகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் ஆகும். கோவிந்தம்மா ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் மகளையும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்திருந்தாள்.

வாசகரே, 'பழைய கதைதானே, பொறுத்துப் போகட்டும்' என்று இந்த வாரமும் கடிதம் எழுத எண்ணியிருந்தால், பேனாவை மூடி வையுங்கள். பொறுத்துப் போனவள் ஜெயஸ்ரீ; பொறுமை அவளுக்குக் கொடுத்த பரிசு என்ன என்பதைப் படித்துவிட்டீர்கள். அதற்குப் பதிலாக எழுந்து உள்ளே போங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் பல ஆண்டுகளாக யாருக்காகவோ வாய் மூடியிருக்கிறாள். அந்த ஆள் யாரென்று இன்றே அவளிடம் கேளுங்கள். பெயரைச் சொல்லிவிட்டாளானால், அவனை விடாதீர்கள்.